தகவல் தந்தவர்: அண்ணன்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நூற்று நாற்பது பேர். ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தால் வரிசை மாடிப்படி இறங்கித் தெருவரைக்கும் போயிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே பக்கம்தான் வேண்டும். தலைவர் இந்த ஊரில்தான் பிறந்தார் என்று எங்கள் பிறப்புப் பதிவேட்டில் எழுதியிருக்கிற பக்கம். பிறந்து ஐந்து வருடம் கழித்துப் பதிவாகியிருக்கிறது. எல்லாக் கூத்துக்கும் அதுதான் காரணம்.

"பொறந்த அன்னிக்கே ஏன் எழுதல? எல்லை தாண்டித் தூக்கிட்டு வந்த குழந்தை, அதான்!"

அந்தக் காலத்தில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் பிறந்த தேதியே தேவைப்பட்டது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. ஒரு ஆள் எச்சில் தொட்டு மையைத் தேய்த்தே பார்த்துவிட்டார். கையைத் தட்டிவிட்டேன். இன்னொரு அம்மா, "என் தலைவரைப் போய் இப்படிச் சந்தி சிரிக்க வெச்சுட்டாங்களே" என்று கவுண்டரிலேயே ஓவென்று அழுதார். நாளையிலிருந்து பக்கத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துத்தான் காட்ட வேண்டுமாம். பதிவாளர் உத்தரவு.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் வரவில்லை. எட்டாவது ஞாயிறு.

அண்ணி போன பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு இங்கேதான் அவனுக்கு. நாற்பது வருடம் பஸ் ஓட்டிய ஆள், வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வான்? போனைப் பார்த்தான். அதில், தலைவரின் பதிவே போலி என்று சொல்லும் 'பூதக்கண்ணாடி'யின் குழு கிடைத்தது. (அந்த ஆள் எங்கள் ஆபீசுக்கும் வருவார், கையில் நிஜமாகவே ஒரு பூதக்கண்ணாடியோடு. பெயர் எங்கள் உதவியாளர் வைத்தது.)

ஜனவரியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டான், "உள்ள இருக்கிறவ நீ. உண்மையைச் சொல்லு பாப்பா, அந்தப் பக்கத்தை எப்ப எழுதினாங்க?"

"முப்பது வருஷமா நான் தூசி தட்டுற பக்கம்ணா அது."

"உனக்கும் சொல்லிக் குடுத்துட்டாங்க போல."

என்னைப் பார்த்து! என் அண்ணன்! "அப்ப பொய் சொல்றவ வீட்டுல எதுக்குச் சாப்பிடறே?" என்று கேட்டுவிட்டேன். பாதித் தட்டில் எழுந்து கை கழுவினான். கேட்டிருக்கக் கூடாது. சாப்பிட்டு முடித்த பிறகாவது கேட்டிருக்கலாம். அப்பா போன பிறகு எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவன் அவன்தான்.

மார்ச் 17, திங்கள்

பஸ்ஸில் தலைவரைப் பற்றி இரண்டு பெண்கள் குடுமிப்பிடிச் சண்டை. கண்டக்டர் சொன்னார்: "பொறந்த இடத்தை அப்புறம் பாருங்கம்மா, எறங்குற இடத்தைப் பாருங்க." பஸ்ஸே சிரித்தது. அண்ணனிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். யாரிடம் சொல்ல?

மார்ச் 20, வியாழன்

வந்தான். வரிசையில் வந்தான். பூதக்கண்ணாடி கும்பலோடு, கையில் ஃபார்மோடு.

"மேடம், அந்தப் பக்கத்தைக் காட்டுங்க."

மேடமாம்! திருப்பிக் காட்டினேன். சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லை. கழுத்தெலும்பு தெரிகிறது. கண்ணாடிமேல் விரலை வைத்து, 'தகவல் தந்தவர்' என்ற கட்டத்தைச் சத்தமாகப் படித்தான். "அக்கா, வயது பதினேழு. பதினேழு வயசுப் பொண்ணு வந்து சொல்லிட்டுப் போயிருக்கு. இதெல்லாம் ஒரு சாட்சியா?" கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

சாப்பிட்டியா அண்ணா என்று கேட்க வாய்வரைக்கும் வந்துவிட்டது. "அடுத்தவர் வாங்க" என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

கடவுளே.

பூதக்கண்ணாடி விண்ணப்பம் போட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒரு பட்டியல் எடுத்திருக்கிறார். தலைவருக்கு எழுதிய அதே குமாஸ்தா, அதே இரண்டு வருடங்களில் எழுதிய தாமதப் பதிவுகள் எல்லாம். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தலைப்பு: 'நம் நடுவே இருக்கும் இவர்கள் யார்?'

அறுபத்தொன்றாவது பெயர் நான்.

இன்று காலை ஏழு பத்துக்கு அதை எங்கள் குடும்பக் குழுவில் போட்டவன் அண்ணன். 'படித்துவிட்டு எல்லோருக்கும் அனுப்பவும்.' நீ படிச்சியா அண்ணா?

ஏப்ரல் 3, வியாழன்

குழுவில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. "நான் போன் பண்ணிச் சொல்றேன்" என்றார் இவர். வேண்டாம் என்று சத்தம் போட்டேன். அவனாகப் பார்க்கட்டும். கல்யாணமாகி முப்பது வருடத்தில் இவ்வளவு சத்தம் போட்டதில்லையாம் நான். அது பொய்.

ஏப்ரல் 7, திங்கள்

"நீங்கதான் அறுபத்தொண்ணா?" என்று கவுண்டரில் ஒருவர் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் படம் எடுத்தார். உதவியாளர் என் மனம் லேசாகட்டும் என்று "வெளிநாட்டு அம்மா, டீ வந்தாச்சு" என்றார். நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மத்தியானம் பதிவாளர் கூப்பிட்டார். என்மேல் புகார். போலிப் பதிவை வைத்து வேலையில் சேர்ந்தவளாம். விசாரணை முடியும்வரை பதிவேட்டைத் தொடக் கூடாது. தப்பென்று தெரிந்தால் வேலையே போகும். "தகவல் தந்தவர் உயிரோட இருந்தா நேர்ல வந்து கையெழுத்துப் போட்டுத் தரலாம்மா. அதோட முடிஞ்சுடும்."

என் பக்கத்தை நான் இதுவரை எடுத்துப் பார்த்ததில்லை. அவரே காட்டினார். தகவல் தந்தவர்: அண்ணன். வயது பதினேழு.

போன் பண்ண மாட்டேன். வேலை போனால் போகட்டும். அவனைக் கெஞ்சி, அதற்கும் அவன் 'இதெல்லாம் ஒரு சாட்சியா' என்று கேட்டுவிட்டால்? அதை என்னால் தாங்க முடியாது.

ஏப்ரல் 10, வியாழன்

பத்தேகாலுக்கு வந்தான். யார் சொன்னார்கள் என்று இவரைக் கேட்டால் சுவரைப் பார்க்கிறார்.

வரிசையில் நிற்கவில்லை. நேரே கவுண்டரைத் தாண்டிப் பதிவாளர் மேசைக்குப் போனான். "அறுபத்தொண்ணு என் தங்கச்சி. எழுதச் சொன்னது நான்." பூதக்கண்ணாடி போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தார். "அண்ணே, நீங்க நம்ம ஆளு, யோசிச்சு சொல்லுங்க" என்றார்.

"இதில் உள்ள பெயர், இடம், தேதி எல்லாம் சரிதானா?" பதிவாளர் கேட்டார்.

அண்ணன் தேதியை மட்டும் இரண்டு தடவை படித்தான். "சரிதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். ஸ்டியரிங் பிடித்த கை, பேனாவை அழுத்தி அழுத்தித்தான் எழுதும்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். தண்ணீர் கேட்டான். குடித்தான்.

"தேதி பொய் பாப்பா."

"என்னது?"

"உனக்கு அஞ்சு முடியல. நாலு மாசம் குறைவு. அந்த வருஷம் பள்ளிக்கூடத்துல போடலேன்னா உன்னை யாரு பார்த்துக்குவா? அம்மா படுத்த படுக்கை. எனக்கு ஒர்க்ஷாப்புல வேலை கிடைச்சிருந்தது. மே இருபதுன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்த குமாஸ்தா என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாரு. எழுதிட்டாரு."

முப்பது வருடம் இந்தப் பதிவேட்டுக்காக ஊரோடு மல்லுக்கு நின்றவள் நான். "அட பாவி, என் சர்வீஸ்ல நாலு மாசத்தை முழுங்கிட்டியே" என்றேன். சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

"அப்ப நான் நிஜமா என்னைக்குப் பொறந்தேன்?"

"தேதி தெரியாது. செப்டம்பர் கடைசிப் புதன்கிழமை. கணக்குப் பரீட்சை பாதியில என்னைக் கூப்பிட்டாங்க."

கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன். "தலைவருக்கும் ஒரு அக்கா இருந்திருக்காங்களேண்ணா. பதினேழு வயசுல."

"அது வேற."

"எப்படி வேற?"

பஸ் வந்தது, ஏறிவிட்டான். ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தான்.

ஏப்ரல் 16, புதன்

மறுபடி கவுண்டரில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணனைக் குழுவை விட்டுத் தூக்கிவிட்டார்கள். 'விலைபோன டிரைவர்' என்று வீடியோ வேறு. போன் பண்ணி ஒரே கத்தல். "நான் பொய் சொல்றேன்னு எப்படிச் சொல்லலாம் அவனுங்க?"

"நீ பொய்தானேண்ணா சொன்னே."

"அது அவனுங்களுக்குத் தெரியாதில்ல!"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. பாவம், நண்பர்கள் என்று அவனுக்கு இருந்ததே அந்தக் கும்பல்தான். அவர்கள் போனதில் எனக்குச் சந்தோஷம். அதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

வந்தான், சாப்பிட்டான், போனான். டிவியில் தலைவர் வந்தபோது வாயைத் திறந்தான். என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். பழைய மாதிரி எதையும் யோசிக்காமல் பேசும் அண்ணன் எப்போது வருவான்? வரவே மாட்டானோ? இருந்தாலும் தட்டைக் காலி செய்தான்.

செப்டம்பர் 24, புதன்

பழைய வருடக் காலண்டரைக் கணக்குப் போட்டுப் பார்த்து, நான் நிஜமாகப் பிறந்த தேதியை ஆபீசிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவனிடம் சொல்லவில்லை.

காலை ஏழு மணிக்கே வாசலில் நிற்கிறான். தலை சீவி, புதுச் சட்டை. "அம்பத்தாறு ஆச்சு பாப்பா" என்றான். நானும் பாப்பா மாதிரியே நின்றேன்.

"என்ன விஷயம், காலங்காத்தால அண்ணனும் தங்கச்சியும் இப்படிச் சிரிக்கிறீங்க?" என்று உள்ளேயிருந்து வந்தார் இவர்.

"ஒண்ணுமில்ல" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.