மூடாமல் விட்ட படிகம்

செவ்வாய், ஜூலை 8
விடியலிலிருந்து தீவு முழுக்க மழை. கராச்சர்மா பஸ் லேட். கல்லூரி லேப்பில் ஹோஸ்ட் படிகங்கள் விளைந்துவிட்டன. கண்ணாடித் தெளிவு. உள்ளே விருந்தாளி மூலக்கூறுகளுக்குக் குட்டி அறைகள்; அவற்றில் அசிட்டோன் குடியிருக்கிறது. இளஞ்சூட்டில் அதை வெளியேற்ற வேண்டும், படிகக் கூடு சரியாமல். அப்புறம் அதையே மறுபடி உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டில் சகலை. ரோஷினியைச் சென்னைக்கு அழைத்துப்போக வந்திருக்கிறார். கொழுந்தியா இறந்ததிலிருந்து குழந்தை எங்களோடுதான். இப்போது அவருக்கு மறுமணம் ஆகிவிட்டது. "அப்பன்னு நான் ஒருத்தன் இருக்கேனேண்ணே," என்றார். நியாயம்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

வாங்க: உப்பு பிஸ்கட், வாந்தி மாத்திரை (கப்பலுக்கு), சிலிக்கா ஜெல்.

புதன், 9
காலையில் சூடேற்றினேன். எடை குறைந்தது, அசிட்டோன் முழுக்கப் போயிற்று. கூடு நின்றது! சந்தோஷப்பட நேரமில்லை. மனைவி செல்வி போனில்: "கப்பல் முன்னாடியே கெளம்புதாம். ஜல்தி வாங்க, புள்ள ஒங்களக் கேட்டு அழுவுது."

ஹாடோ கப்பல் துறையில் கூட்டம். ரோஷினி என் சட்டைப் பொத்தானை விடவில்லை. சகலைதான் விரல்களைப் பிரித்தார். மெதுவாகத்தான் பிரித்தார், குறை சொல்ல முடியாது.

வியாழன், 10
நேற்று படிகப் புட்டியை மூடாமல் ஓடியிருக்கிறேன். மடையன். யாரும் எதுவும் கொடுக்காமலே படிகத்தின் எடை ஏறியிருக்கிறது. நம் ஊர்க் காற்றுக்குக் காலி இடம் கண்டால் பொறுக்காது. அறைகளில் ஈரம் குடியேறிவிட்டது. அசிட்டோன் ஆவியில் வைத்தேன். நுழையவில்லை. செய்முறையில் 'திறந்து ஆறவிடவும்' என்று எழுதிய மெயின்லேண்ட்காரர் ஜூலையில் இங்கே வந்து ஆறவிடட்டும்.



சனி, 12
மறுபடி சூடேற்றி ஈரத்தை விரட்டினேன். இம்முறை ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல், இறுக்கமான மூடி. திங்களன்று அசிட்டோன்.

வீட்டுக்கு வந்தால் ரோஷினி கட்டில் மேல் இரண்டு மூட்டைப் பாக்கு. "வெளிய சாரல் அடிக்குது, அதான்," என்றாள் செல்வி. அப்புறம் அவளாகவே: "வெறுங்கட்டில என்னால பாக்க முடியலங்க."

நானும் ஒரு மூட்டையை நகர்த்திச் சரியாக வைத்தேன்.

ஞாயிறு, 13
மழை விட்டது. ரோஷினி போன். கப்பலில் வாந்தியாம். புது அம்மா நல்லவங்களாம், பூரி சுட்டுத் தந்தாங்களாம். நல்லதுதான். ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியில் கேட்டாள்: "பெரியப்பா, என் கட்டில் அப்பிடியேதான இருக்கு? அதுல எதுவும் வெக்காதீங்க. நான் வருவேன்."

"அப்பிடியேதாம்மா இருக்கு."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த செல்வி எழுந்து உள்ளே போனாள். மூட்டை தரையில் இழுபடும் சத்தம்.