என் மகன் ஓடிப்போனவன் இல்லை

என் கண்ணான மகன் வஜீஹுக்கு, அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைக்கட்டும். இங்கே தமன்ஹூரில் நான், உன் மனைவி சமாஹ், மகள் ரீம் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, என் நெஞ்சில் நீ மூட்டிய தீ மட்டும் அணையவில்லை. நான் சத்தம் போட ஆரம்பித்ததும் போனை வைத்துவிடுகிறாய், நேற்று மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. அதனால் எழுதி, நாளை நீ இருக்கும் நாட்டுக்கு விமானம் ஏறும் பக்கத்து வீட்டு ஹம்தியிடம் கொடுக்கிறேன், முழுதும் படி.

பழைய முதலாளியிடம் சம்மதம் கேட்காமலே வேறு கம்பெனிக்கு மாறலாம், நோட்டீஸ் கொடுத்தால் போதும், சட்டம் மாறிவிட்டது என்று நீதானே படித்துக் காட்டினாய். ஐந்தாவது படித்த எனக்கே அது விளங்கியது, டிப்ளமா வாங்கிய நீ என்ன செய்தாய்? நோட்டீஸைப் பதியும் முன்பே, அவர் வீட்டு ரொட்டியும் உப்பும் தின்றவன் முகம் பார்த்துச் சொல்லாமல் போகலாமா என்று உன் முதலாளி அபூ நாயிஃப் வீட்டுக்குப் போய், அவர் ஊற்றிய காப்பியைக் குடித்துக்கொண்டே ஜுபைல் ஊர்க் கம்பெனி உன்னை வேலைக்குக் கூப்பிடுவதைச் சொல்லியிருக்கிறாய். அவரும் "நல்லா இருப்பா, ரெண்டு நாள் ஓய்வெடுத்துக்கோ" என்று தோளைத் தட்டி அனுப்பிவிட்டு, மூன்றாம் நாள் வேலைக்கு வராமல் ஓடிப்போனவன் என்று உன்மேல் புகார் பதிந்துவிட்டார். எட்டு வருடமாக ஜூன் வெயிலில் மாடி மாடியாக ஏறி ஏசி பழுது பார்த்தவன் ஓடிப்போனவனாம்! அந்த எட்டு வருடத்தில் இரண்டே முறைதான் உன்னை ஊருக்கு விட்டார், ரீம் உன்னைப் போட்டோவில்தான் அறிவாள்.

அறுபது நாளுக்குள் மாறாவிட்டால் நாட்டை விட்டே போக வேண்டும் என்கிறாய், அதில் நாற்பத்தொன்று போய்விட்டது. புதுக் கம்பெனியின் ஒப்பந்தம் உன் சம்மதத்துக்காகப் போனில் காத்திருக்கிறது. நீயோ, தன்னிடமே இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டால் புகாரை எடுக்கிறேன் என்ற அவர் பேச்சில் மயங்கி, "உம்மா, அவர் சம்சாரத்துக்கிட்ட நீங்க பேசுங்க, கொஞ்சம் அழுதா மனசு இளகும்" என்று எனக்கே சேதி அனுப்புகிறாய். உன் தகப்பனார் மௌத்தான அன்றுகூட நான் ஊர் பார்க்க அழுதவளா?

பேசினேன், அழவில்லை. அவர் சம்சாரம் உம்மு நாயிஃப் எடுத்ததும் "ஹாஜ்ஜா, வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சிருந்தோமே, உப்பைத் தின்னுட்டு இப்படிச் செய்யலாமா" என்றாள். "தின்ன உப்பையெல்லாம் உங்க மாடியிலேயே வேர்வையா இறக்கி வச்சுட்டான் தங்கச்சி. வீட்டுப் பிள்ளைன்னா உங்க நாயிஃபையும் ஓடிப்போனவன்னு எழுதிக் கொடுப்பீங்களா?" என்றேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னேன்னு வெளிய தெரிய வேணாம். புகாரை எடுக்கற எண்ணமே அவருக்கு இல்ல, நாள் முடியட்டும்னு இழுக்கறார். பிள்ளையைச் சீக்கிரம் போகச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். பார்த்தாயா, உன் நல்ல மனிதரின் லட்சணம்! அந்தப் பெண்ணுக்குச் சங்கடம் வரக்கூடாது என்றுதான் போனில் பதிந்து அனுப்பவில்லை, படித்ததும் கிழித்துப் போடு.

இனி யார் வீட்டுக் காப்பியும் குடிக்காதே, யாரிடமும் யோசனை கேட்காதே. ஹம்தி பக்கத்தில் இருக்கும்போதே சம்மதத்தை அழுத்து, அதை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள். நன்றி சொல்லியே ஆக வேண்டும் என்றால் மாறின பிறகு போய்ச் சொல், நிமிர்ந்து நின்று சொல். ஹம்தியிடம் நெய் ஃபதீர் ரொட்டி கொடுத்திருக்கிறேன், ஒரே நாளில் தின்று தீர்க்காதே. திட்டினாலும் ஒவ்வொரு தொழுகையிலும் உன் பெயர் சொல்லித்தான் கையேந்துகிறேன், உன் கால் படும் இடமெல்லாம் அல்லாஹ் வழி திறக்கட்டும்.

சம்மதம் கொடுத்த பிறகு என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் எடுப்பேன். கொடுக்காமல் கூப்பிட்டால் போனை ரீம் கையில் கொடுத்துவிடுவேன், இன்னும் இரண்டு வருடம் ஏன் வர மாட்டாய் என்று அவளிடம் நீயே சொல்.

உன்னைப் பெற்றவள்,
இன்சாஃப்