வளைவில் கிடந்த சாம்பல்

என் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தவனுக்கு,

உன் சைக்கிள் வந்து சேர்ந்தது. வெனேராதான் கொண்டுவந்தாள். "உங்களுக்குத்தான் குடுக்கணும்னு உங்க சிநேகிதர் ஒத்தக்கால்ல நிக்கிறாரு" என்றாள். சொன்னது உறைத்ததும் அவளே சிரித்துவிட்டாள். உன் மனைவிக்கு இருக்கும் தைரியம் எனக்கில்லை.

மூன்று நாளாக அது சமையலறையில் நிற்கிறது. நான் அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன்.

எத்னா எரிமலை நேற்றும் சாம்பலைக் கொட்டியது. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் என் பழைய சைக்கிளில் மலையேறினேன். இப்போதெல்லாம் குழியோ கல்லோ எதைக் கண்டாலும் என் கை தானாகவே நீண்டு, பின்னால் வருபவனுக்குக் காட்டிவிடுகிறது. மீலோவில் காப்பிக்கடை சாரோ வாசலிலிருந்தே கத்தினான்: "யாருக்குடா கை காட்டுற? பின்னால ஒரு நாய்கூட வரலயே!"

இரண்டு வருடத்துக்கு முன் அன்று, பின்னால் நீ வந்தாய். மீலோ ஊர்ப்பலகையை முதலில் தாண்டுவது யார் என்று நமக்குள் வழக்கமான போட்டி. பதினோரு வருடத்தில் முதல்முறையாக நீ என்னை முந்தியிருப்பாய். உன் மூச்சு என் முதுகில் கேட்டது. இறக்கத்தின் கடைசி வளைவில் சாம்பல் கிடந்தது. நான் ஒதுங்கிப் போனேன். நீ வழுக்கிப்போய்த் தடுப்புக் கம்பியில் மோதி ஒரு காலை இழந்தாய்.

"எரிமலை பண்ண வேலைக்கு நீ என்னடா செய்வே?" என்று ஆஸ்பத்திரியில் நீதான் எனக்கு ஆறுதல் சொன்னாய்.

சைக்கிளை இன்னும் தொடவில்லை. சாம்பலைப் பார்த்தாயா என்று இந்த இரண்டு வருடத்தில் நீ ஒருமுறைகூட என்னைக் கேட்டதில்லை.

கேட்டுவிடு.

இப்படிக்கு,
உனக்கு முன்னால் போனவன்