தானாகப் பிடிக்கும் பிரேக்

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். தொப்பை என்னைவிட நலம். போனில் பேசினால் வழக்கம்போல ஊர்வம்பு பேசி வைத்துவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

நீ ஊர் மாறிப் போனதிலிருந்து என் எலக்ட்ரிக் சைக்கிள் ஒரு வேலை செய்கிறது. பள்ளிக்கூடத்துச் சரிவில் இறங்கினால், நான் தொடுவதற்கு முன்பே பிரேக் லீவர் மெல்ல உள்ளே போகிறது, மோட்டாரும் அடங்கிவிடுகிறது. மெக்கானிக்கிடம் காட்டினேன்.

"அண்ணே, இது சாதா சைக்கிள் லீவர். மோட்டாரை நிறுத்துற ஒயரே இதுல கிடையாது. கழண்டது வண்டியில இல்ல, உங்களுக்குத்தான்!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், இல்லாவிட்டால் என் முகத்தைப் பார்த்துவிடுவார்கள்.

நேற்று அந்தச் சரிவில், மாடிவீட்டுக்குப் புதிதாக யார் குடிவந்திருக்கிறார்கள் என்று பராக்குப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். குறுக்கே லாரி. வண்டி தானாக நின்றது. லீவரைத் தொட்டேன். யாரோ அப்போதுதான் கையை எடுத்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

அது மாப்பிள்ளையின் பிரேக், தங்கச்சி. அவர் வெளியூர் போயிருந்தபோது, உங்கள் சைக்கிளிலிருந்து நான்தான் கழற்றி இதில் மாட்டினேன். வருவதற்குள் புதிது வாங்கிப் போட்டுவிடலாம் என்றிருந்தேன். அவர் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். விடிந்ததும் அந்தச் சைக்கிளில் பால் வாங்கக் கிளம்பினார்.

அவர் உயிர் போன அன்று, பள்ளிக்கூடத்துச் சரிவில் விழுந்த வேகத்தில் பிரேக் தெறித்துப் போயிருக்கும் என்று எல்லோரும் சொன்னபோது, உன் பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

உன்னிடம் சொல்லும்வரை என்னைச் சாகவிடக் கூடாது என்றிருக்கிறார் போல. சொல்லிவிட்டேன்.

தபால் பெட்டி சரிவின் அடியில் இருக்கிறது. நடந்தே போகலாம். ஆனால் சைக்கிளில்தான் போகப் போகிறேன்.

உன் அண்ணன்