பாதியில் நின்ற நீலம்

1955 நவம்பர் 7, திங்கள்

விடாத மழை. ராயபுரம் பாலத்தடியில் முழங்கால் தண்ணீர். குடைக்கம்பி மறுபடி போச்சு.

நீலச் சாயத்தை என் கால் விரலிடுக்கிலேயே ஊசி போட்டுப் பார்த்தேன். கணுக்கால் தாண்டி மெல்லிய கோடு. காய்ச்சல் இல்லை, அரிப்பு இல்லை. கையில் போட்டால் நிணநீரோடு ஏறி அக்குள் நெறிகளுக்கு, அந்த நிணநீர் முடிச்சுகளுக்கு, போகும். மார்புப் புற்று ஒளிவது அங்கேதான். நெறி நீலமாகத் தெரிந்தால் ஒன்று விடாமல் எடுத்துவிடலாம்.

பெரிய டாக்டர் சிரித்தார். "ஏம்மா, துணிக்குப் போடற நீலத்தை மனுஷனுக்குப் போடறியா? என் விரலுக்குத் தெரியாத நெறியா?" கடைசியில் ஒரே ஒரு நோயாளிக்கு அனுமதி. பிச்சை போடுகிற மாதிரி.

நோயாளி: பிலோமினா, காசிமேடு. சின்னச் சின்னப் பிள்ளைகள்.

9, புதன்

காலையில் அவள் கையில் நீல ஊசி. "மாதா பொடவ கலரு டாக்டரம்மா, ஒண்ணியும் ஆவாது" என்றாள். சாயம் ஏறட்டும் என்று வராந்தாவில் படுக்க வைத்தோம். நான் காபி குடிக்கப் போனேன்.

ஆபரேஷன் தியேட்டரில் போர்வையை விலக்கினால், முழங்கைக்கு மேல் வலைக்கயிறு! இறுக்கிச் சுற்றி, முடிச்சு. நீலம் அதோடு நிற்கிறது. கட்டியது புருஷன் அந்தோணி.

வெளியே ஓடிக் கத்தினேன். "இன்னாம்மா கத்துற? நீலம் மேல ஏறிகினு கீது. பாம்பு கட்ச்சா இப்டித்தான். நெஞ்சுக்குப் பூடும்னு கட்னேன்." சாயம் எதற்கென்று அவனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும்தான்.

உள்ளே வந்து கயிற்றை அறுத்துவிட்டுப் பெரிய டாக்டரிடம் கெஞ்சினேன். "சார், கொஞ்சம் பொறுங்க, ஏறிடும்."

"கிளப்ல சாப்பாட்டுக்குக் காத்திருக்காங்க." கத்தியை எடுத்துவிட்டார்.

தையலின்போது பார்த்தேன். காயத்தின் மேலோரம், ஆழத்தில், பட்டாணி அளவில் ஒரு நீல நெறி. "சார், அதோ!"

"சாயம் கசிஞ்சிருக்கு. நூலை வெட்டும்மா."

மாட்டேன் என்றேன். நர்ஸ் வெட்டினாள்.

நாசமாய்ப் போன கிளப். நாசமாய்ப் போன சாப்பாடு.

11, வெள்ளி

மழை விட்டது. என் நகத்தில் இன்னும் நீலம். சோப்பு தீர்ந்தது. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

வார்டில் அந்தோணி. கையில் வறுத்த வஞ்சிரம், எனக்காம். "அல்லாத்தையும் எட்த்தாச்சுன்னு பெரிய டாக்டரு சொல்ட்டாரு. நான் மட்டும் கட்லன்னா வெசம் நெஞ்சுக்குப் போயிருக்கும், இல்லம்மா?"

பிலோமினா என்னையே பார்த்தாள். பக்கத்துக் கட்டிலருகே பெரிய டாக்டர். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

"ஒண்ணு உள்ளயே இருக்கு, அந்தோணி" என்றேன்.