'இல்லை' என்ற பொத்தான்

ஜனவரி 9, 2025, வியாழன்

வேலையாட்களின் உடம்பைப் பற்றி ஒரு கான்ட்ராக்டர் கவலைப்பட்டால் எனக்குப் பயம் வருகிறது.

நானும் என் பார்ட்னர் சிவபிரகாஷும் செய்த ஆப் மிகச் சின்னது. ஒரே ஒரு புதுப் பழக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். மாலையில் போன் கேட்கும்: இன்று செய்தீர்களா? 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள். 'ஆம்' என்றால் திரையில் ஒரு பூ விரியும். அவ்வளவுதான். இந்தத் தீவின் ஜங்லிகாட்டில் ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்புக்கு மேலே இருக்கிற எங்கள் அறையில் இதைச் செய்து முடித்து மாதக்கணக்காகிறது. யாரும் சீண்டவில்லை.

இன்று ஜம்புலிங்கம் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். கடற்கரை ரிசார்ட் ஒன்றின் சலவைக்கூடத்துக்கு ஆள் விடுபவர். என் அம்மா அவரிடம்தான் வேலை பார்க்கிறாள். "லேடீஸ் எல்லாம் அடிக்கடி மயக்கம் போட்டு விழுறாங்கம்மா. ஏதாச்சும் நல்ல பழக்கம் சொல்லிக் குடுங்க" என்றார். போனஸ் என்று யாராவது வாயைத் திறந்தால் இந்தியில் மட்டும் பேசுகிற மனிதர். இன்று முழுக்கத் தமிழில் பேசினார்.

தண்ணீர் குடிக்கிற பழக்கம் என்று நான்தான் சொன்னேன். போன வருஷம் அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கல். தண்ணீர் குடிக்காமல் இப்படியே இருந்தால் ஒரு சிறுநீரகம் போய்விடும் என்று டாக்டர் கத்தினார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜம்புலிங்கம் உடனே சம்மதித்தார். செலவில்லாத பழக்கம். யாருக்கு எத்தனை 'ஆம்' என்று அவருக்குத் தெரியக் கூடாது, மொத்தக் கணக்கு மட்டும்தான் தருவோம் என்றேன். அதற்கும் சம்மதித்தார். அதுதான் இடிக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ரிசார்ட்டுக்கு லீவு கிடையாது. நான் வைத்த பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. அம்மா வந்து சுரண்டித் தின்றாள்.

ஜனவரி 20, திங்கள்

சிவபிரகாஷ் நாற்காலியோடு சுற்றுகிறான். சலவைக்கூடத்தில் ஏறக்குறைய எல்லோரும் தினமும் 'ஆம்'. "பாத்தியா நளினி? வேலை செய்யுது!"

மனிதர்கள் இவ்வளவு சுலபமாகவா மாறுவார்கள்? காலையில் நடக்கப் போவதாக இதே ஆப்பில் நானும் பதிந்து வைத்திருக்கிறேன். என் பக்கத்தில் ஒரு பூகூட இல்லை.

அம்மா குளிக்கப் போனதும் அவள் பையைத் திறந்தேன். பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. போனில் 'ஆம்'. குடித்துவிட்டுத் திரும்ப நிரப்பியிருப்பாளோ?

ஜனவரி 21, செவ்வாய்

சீரகத் தண்ணீர் ஊற்றி அனுப்பினேன். மாலையில் அதே மஞ்சள் நிறம், அதே அளவு.

"தண்ணி குடிச்சியாம்மா?"

"குடிச்சேன்."

"பொய்."

"ஆமாடி, பொய்தான். குடிச்சா எங்கடி போறது? கெஸ்ட் பாத்ரூம் பக்கம் திரும்பினாலே செக்யூரிட்டி 'சலோ சலோ'ன்னு விரட்டுறான். எங்களுக்குன்னு இருந்த ஒண்ணையும் சோப்பு மூட்டை அடுக்கிப் பூட்டிட்டாங்க. காலைல வீட்ல போனா, திரும்பி வந்துதான்."

இத்தனை வருஷமாகவா? என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் ஏன் கேட்கவில்லை? தண்ணி குடி, தண்ணி குடி என்று நானும் டாக்டரோடு சேர்ந்து கத்தினேனே, சே!

"அப்புறம் எதுக்கு 'ஆம்'னு அழுத்துற?"

"எல்லா நாளும் 'ஆம்' போட்டவளுக்கு மிக்ஸி தர்றாங்களாம். 'இல்லை' போட்டவளை சூப்பர்வைசர் நாகராஜ் பேர் சொல்லிக் கூப்பிட்டு நிக்க வைக்கிறான்."

பேர் சொல்லி? யார் என்ன அழுத்தினாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி 22, புதன்

சிவபிரகாஷ்தான். எல்லோர் பெயரும் தெரிகிற பக்கத்தை அவர்களுக்குத் திறந்து விட்டிருக்கிறான்.

"கேட்டாரு, குடுத்தேன். காசு குடுக்கிறவரு. உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"

"என் சந்தேகம் எப்பவாச்சும் தப்பாப் போயிருக்கா?"

நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஆனால் அவனை மட்டும் திட்டி என்ன? ஒவ்வொரு பொய்க்கும் ஒரு பூ விரிகிறது. அந்தப் பூவை வரைந்தது நான்.

ஜனவரி 27, திங்கள்

ஆப்பை நிறுத்தப் போகிறேன் என்றேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒரு வாரம் விட்டு வையி" என்றாள்.

"எதுக்கு?"

"எதுக்கோ."

சிப்பிகாட்டிலிருந்து சலவைக்கூட வேலைக்கு வருகிற செல்லம் அக்காவோடு தினமும் போனில் குசுகுசு. நான் பக்கத்தில் போனால் பேச்சு கத்தரிக்காய் விலைக்குத் தாவுகிறது. மிக்ஸி ஆசையா? எங்கள் மிக்ஸி போட்டால் கருகல் வாடை வருகிறது, உண்மைதான். பெற்ற தாயை இப்படி நினைக்கிறேன். நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

பிப்ரவரி 1, சனி

இன்றும் எல்லோரும் 'ஆம்'. திரை முழுக்கப் பூ.

பிப்ரவரி 3, திங்கள்

ஜம்புலிங்கம் போனில் கத்தினார். ரிசார்ட்டின் முதலாளிகள் மெயின்லேண்டிலிருந்து வந்திருக்கிறார்கள். அவர்களிடம் பெருமையடிக்கப் பெரிய டிவியில் ஆப்பைப் போட்டு, எல்லோர் முன்னாலும் பெண்களை அழுத்தச் சொல்லியிருக்கிறார். ஒரு பூகூட விரியவில்லை. எல்லாம் 'இல்லை'.

"ஏம்மா, உன் ஆப் ரிப்பேரா?"

"இல்ல சார். இன்னைக்குத்தான் சரியா வேலை செய்யுது."

மிச்சத்தை அம்மா சொன்னாள். வந்தவர்களில் ஒரு பெண், ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று இந்தியில் கேட்டாராம். செல்லம் அக்கா நிதானமாக, "பாத்ரூம் கிதர் ஹை, மேடம்?" என்று திருப்பிக் கேட்டாராம். பாத்ரூம் எங்கே இருக்கிறது? ஜம்புலிங்கம் சீலிங்கைப் பார்த்தாராம். இதைச் சொல்லும்போது அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"முன்னாடியே 'இல்லை' போட்டிருக்கலாமேம்மா?"

"ஒருத்தி ரெண்டு பேர் போட்டா நிக்க வைப்பான். எல்லாரையும் எங்கடி நிக்க வைப்பான்?"

"எப்ப முடிவு பண்ணீங்க?"

"நீ என் பையை நோண்டினியே, அதுக்கு அப்புறம், முதலாளிங்க வர்றாங்கன்னு தெரிஞ்சதும். சீரகத் தண்ணி வாடைகூடத் தெரியாதா எனக்கு?"

பிப்ரவரி 6, வியாழன்

ஜம்புலிங்கம் ஆப் வேண்டாம் என்றுவிட்டார். சிவபிரகாஷ் என்னோடு பேசுவதில்லை. பெயர்கள் தெரிகிற பக்கத்தை அழித்தேன். இனி அவரவர் கணக்கு அவரவர் போனில் மட்டும்.

செல்லம் அக்காவை வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று தினமும் எதிர்பார்க்கிறேன். இன்னும் நிறுத்தவில்லை. டூரிஸ்ட் சீசன், இப்போது ஆள் கிடைக்காது. கருணை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பிப்ரவரி 12, புதன்

பெண்களின் பாத்ரூமிலிருந்து சோப்பு மூட்டைகளை எடுத்துவிட்டார்கள். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்கிறாளாம்.

பையை அம்மாவே திறந்து பாட்டிலை என் முன்னால் வைத்தாள். பாதி இருந்தது.

"கீழ ஊத்திட்டேன்னு பாக்கிறியா?"

"இல்லம்மா."

அப்படித்தான் பார்த்தேன்.

போனை எடுத்தாள். "பாதி குடிச்சா எதை அழுத்துறது?"

"உன் இஷ்டம். இனி யாரும் பாக்க மாட்டாங்க."

'இல்லை'யை அழுத்தினாள். பிறகு பாட்டிலைத் திறந்து மீதியைக் குடிக்கத் தொடங்கினாள்.

"தாழ்ப்பாள் போடட்டும், அப்புறம் 'ஆம்' போடலாம்."