வேடியப்பனுக்கு அரப்பு தேய்த்த ரோஸலின் அக்காவுக்கு

மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில், வேப்பமர நிழலில் இளைப்பாறும் என் ரோஸலின் அக்காவுக்கு,

ரோடு வளைந்துவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. கெலமங்கலம் போகிற ரோடு ஏரிக்கரை ஊருக்கு வந்ததும் நேரே போகாமல், பெரியவர் ஒருவருக்கு வழிவிடுகிற மாதிரி இடப்பக்கம் ஒதுங்கி, வேடியப்பனைச் சுற்றிக்கொண்டு போகிறது. போன வாரம் பஸ்ஸில் அதன்மேல் போய்வந்தேன். உங்களுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டுமே என்று ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன்.

ஊர் நலச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லி நம் செயலாளர் கோபால்ராவ் கேட்டார். சங்கத்து வரவு செலவு எழுதுகிறவளுக்கு வேறென்ன எழுத வரும் என்றேன். "அக்காவுக்கு ஒரு லெட்டர் எழுதுங்கம்மா, நாங்களும் படிச்சுக்கறோம்" என்றார். ஆகவே இதை ஊரே படிக்கப் போகிறது. நீங்கள் கூச்சப்படக் கூடாது.

ஓசூருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் வெகுகாலம் ஆஸ்பத்திரி நர்ஸ். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் முதலில் பார்த்த முகம் உங்களுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சங்கத்தில் சேர்ந்தீர்கள், என்னையும் இழுத்துப் போனீர்கள். "பார்வதி, உன் வீட்டுக் கணக்குல ஒரு பைசா தப்பாது. இவங்க கணக்கு சல்லடையா இருக்கு. வந்து உக்காரு."

நான் பள்ளிக்கூடம் போகாதவள். பிள்ளைகளின் பாடப் புத்தகத்தையும் மலைக்கோயிலில் வாங்கிய பாட்டுப் புத்தகத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்தே படிப்பு வந்தது. அப்படிப்பட்டவளை மேசைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள். முதல் நாள் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன். கவனித்தீர்களா?

அப்போது சங்கத்துக்குச் சாக்கடை அடைப்பும் தெருவிளக்கும்தான் பெரிய கவலை. பிறகு கோபால்ராவுக்குப் பழைய கல்மேல் ஆசை வந்தது. எங்கே எழுத்துள்ள கல் இருந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். "இந்த மனுஷன் பொண்டாட்டி மொகத்தக்கூட இப்படி உத்துப் பாத்திருக்க மாட்டான்" என்று அவர் எதிரிலேயே சொன்னீர்கள். அவரும் சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் ரோட்டை அகலப்படுத்தும் செய்தி வந்தது. அளவெடுத்தவர்கள் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோடு நேரே ஏரிக்கரை வேடியப்பன்மேல் போனது. சண்டையில் செத்த வீரனுக்கு அந்தக் காலத்தில் நட்ட கல் அது. நம் பக்கத்தில் அப்படிப்பட்ட கல்லை எல்லாம் வேடியப்பன் என்றே கும்பிடுகிறோம். ஊர்க்காரர்கள் மனு கொடுத்தும் பயனில்லை. ரோட்டோரம் சாமிக்கா பஞ்சம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பழைய எழுத்துள்ள கல் என்று காட்டினால் கேட்பார்கள் என்றார் கோபால்ராவ். ஆனால் எழுத்து எங்கே தெரிந்தது? தலைமுறை தலைமுறையாக ஊற்றிய எண்ணெய் கருப்புத் தோலாகப் படிந்து கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கிருஷ்ணகிரிக்கு ஒரு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தீர்கள். இருந்திருந்தால் அப்படி நடக்க விட்டிருப்பீர்களா? சங்கத்தார் நாங்கள் நாலைந்து பேர் போனோம். யாரையும் கேட்கவில்லை. கோபால்ராவ் நல்லெண்ணத்தோடுதான் ஒரு பாட்டில் சீமெண்ணெயைக் கல்மேல் ஊற்றித் துணியால் தேய்க்க ஆரம்பித்தார். பூசாரி முனியப்பா வயலிலிருந்து ஓடி வந்தார்.

"யோவ் ராயரே! என்னா நாத்தம் இது? சாமி மேல சீமெண்ணெய ஊத்துனியா?"

"பிசுக்குப் போகட்டும்னுதான் முனியப்பா..."

"அப்ப தீப்பெட்டியும் கொண்டாந்திருப்பியே! எங்க, எட்றா பாக்கலாம்!"

ஊர் கூடிவிட்டது. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வசவு வாங்கினோம். சங்கம் என்று சொல்லிக்கொண்டு இனி ஒருத்தரும் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்கள். கல்லைக் காப்பாற்றப் போன நாங்கள், காப்பாற்ற இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டுத் திரும்பினோம். ரோட்டு வேலைக்கு ஜல்லி வந்து குவிந்துகொண்டிருந்தது.

நீங்கள் கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாளைக்கு நீயும் நானும் போறோம்" என்றீர்கள்.

முனியப்பா வீட்டில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். மோர் குடித்தீர்கள். அவர் மருமகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தீர்கள். பேரனுக்குப் பல் முளைக்கும் கதை கேட்டீர்கள். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசி பஸ் போய்விடுமே என்று நான் உங்கள் சேலையை இழுத்தேன். எழுந்து வாசலுக்கு வந்தபின்தான் கேட்டீர்கள்.

"ஏன் முனியப்பா, அந்த நாத்தம் போச்சா?"

"எங்கம்மா போச்சு! கிட்ட நின்னா கொமட்டுது. கற்பூரம் ஏத்தவே பயமா இருக்குது. குப்புன்னு புடிச்சிக்கிட்டா?"

"பாவம் அவன். அப்ப தலைக்கு ஊத்திவிட வேண்டியதுதான். நல்லெண்ணெ தேச்சு, அரப்பு போட்டு."

அவர் யோசித்தார். "ஆம்பளச் சாமியாச்சே நர்ஸம்மா. பொம்பளைங்க எப்படிக் குளிப்பாட்டறது?"

"உன் ஊட்டுப் பசங்க நாலு பேரையும் மொதல்ல குளிப்பாட்டுனது எவ? அவங்க ஆம்பள இல்லியா?"

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி, "ரெண்டாவது பையன் நர்ஸம்மா மேலயே பேஞ்சானே!" என்று சிரித்தார். முனியப்பாவும் சிரித்துவிட்டார். ஒன்றுக்கு மட்டும் பிடிவாதம் பிடித்தார். ஆம்பளைக்கு எண்ணெய்த் தேய்ப்பு சனிக்கிழமைதான்.

அந்தச் சனிக்கிழமையை நான் எப்படி மறப்பேன், அக்கா? ஊர்ப் பெண்கள் எண்ணெய் தேய்த்து வெயிலில் ஊற விட்டார்கள். நான் அரப்புத் தூளை வடிகஞ்சியில் கரைத்துக் கொடுத்தேன். நீங்கள் ஜெபமாலையை நனையாமல் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, பச்சைப் பிள்ளையின் காதுமடலைத் தேய்க்கிற மாதிரி விரல் நுனியால் தேய்த்தீர்கள். கருப்பு நுரை வழிந்து ஓடியது. முதலில் வாள் தெரிந்தது, அப்புறம் கொண்டை, அப்புறம் சிரித்த மாதிரி ஒரு வாய். காலடியில் வரி வரியாக எழுத்து.

எனக்குக் கை தானாகக் குவிந்தது. "நீங்களும் கும்பிடுவீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"கும்பிடறது உன் வேலை. குளிப்பாட்டறது என் வேலை. தண்ணி ஊத்து."

உங்கள் சாமியும் என் சாமியும் எங்கே சந்தித்துக்கொள்வார்கள் என்று நான் தலையைக் குழப்பிக்கொண்டதுண்டு. அன்றைக்குப் பிறகு குழப்பமில்லை.

ஈரம் காய்ந்ததும் அரிசி மாவைத் தடவினோம். சாமிக்கு மாக்காப்பு ஆயிற்று. எழுத்தின் பள்ளங்களில் மாவு தங்கி வெள்ளை வெளேரென்று நின்றது. தூரத்தில் ஏரிக்கரைமேல் நின்று கோபால்ராவ் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். முனியப்பா பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரி, ராயரும் வரட்டும். செருப்பக் கழட்டிட்டு, கையில என்னா இருக்குதுன்னு காட்டிட்டு வரட்டும்." அவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டிக்கொண்டே வந்தார். வந்து, கல்லின் முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு, கண்ணீரோடு எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். படமும் எடுத்தார். அப்புறம் மறுபடி எண்ணெய், மஞ்சள், பொங்கல். முதல் கரண்டி உங்கள் இலையில்தான் விழுந்தது.

காகிதமும் படமும் மெட்ராஸில் கல்வெட்டுப் படிக்கிறவர்களுக்குப் போயின. ஐப்பசி மழையில் நீங்கள் படுத்தீர்கள். காய்ச்சலிலும் "பதில் வந்துச்சா?" என்றுதான் கேட்டீர்கள். வரவில்லை. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வரும்டி" என்று நீங்கள்தான் எனக்குச் சமாதானம் சொன்னீர்கள்.

நீங்கள் போன பிறகு வந்தது, அக்கா. ஏரிக்கரை ஊர் மாட்டையெல்லாம் யாரோ ஓட்டிக்கொண்டு போக, ஒற்றை ஆளாய்ப் பின்னால் போய், மாட்டை மீட்டுத் திருப்பிவிட்டு அங்கேயே விழுந்தவனாம். அவன் பெயர் இருந்த இடம் மட்டும் தேய்ந்துவிட்டதாம். நாள்தோறும் மஞ்சள் வைத்த விரல்கள் தேய்த்த இடம் அது. அந்தக் கடிதத்தை ஊரில் நான்தான் படித்துக் காட்டினேன். பெயர் தெரியவில்லை என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. முனியப்பாவுக்கு வருத்தமே இல்லை. "பேரு எதுக்கும்மா? நாங்க கூப்புடற பேருக்கு இத்தன காலமா வந்துக்கிட்டுத்தானே இருக்கான்" என்றார்.

எஞ்சினியர் வந்தார். கடிதத்தைப் படித்தார், படத்தைப் பார்த்தார், ஊரையும் பார்த்தார். ஆண்களும் பெண்களுமாக ஊர் முழுக்க அங்கே நின்றது. பழைய சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்துவிட்டுப் புதுக்கோடு போடச் சொன்னார். நான் அழுதேன். பக்கத்தில் முனியப்பாவின் மனைவி, "நர்ஸம்மா பாத்திருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அழுதார்.

எனக்கு நாற்காலி கொடுத்தீர்கள். எண்ணெய் பூசிக் கும்பிடுகிறவர்களுக்கும் எழுத்தைத் தேடுகிறவர்களுக்கும் சண்டை வேண்டாம் என்று செய்து காட்டினீர்கள். நன்றி என்ற சொல்லை உயிரோடிருக்கும்போது சொல்லியிருந்தால், "போடி, வேலையப் பாரு" என்றிருப்பீர்கள். இப்போது தடுக்க முடியாதே. சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தி. அடுத்த ஊரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அங்கே வாய்க்காலின் குறுக்கே ஒரு பலகைக் கல் கிடக்கிறது. ஆடு மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் அதன்மேல்தான் நடக்கிறார்கள். குனிந்து பார்த்தால் அடிப்பக்கத்தில் ஒரு கால் செதுக்கியிருப்பது தெரிகிறதாம். கோபால்ராவுக்கு நேற்றிலிருந்து தூக்கமில்லை. ஊர் கூடி நாள் சொல்லட்டும், அதுவரை தொடவே கூடாது என்று கூட்டத்தில் நான் எழுந்து நின்று சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை.

அவர்கள் சொல்லும் நாளில் அந்தக் கல்லைத் திருப்புவோம், அக்கா. குப்புறக் கிடந்தவன் முகம் வெளிச்சத்தைப் பார்த்ததும், முதல் செம்புத் தண்ணீரை உங்கள் பெயரைச் சொல்லி நான் ஊற்றுவேன். இது சத்தியம்.

மூன்று பிள்ளைகளையும் உங்கள் கையிலிருந்தே வாங்கிக்கொண்ட
உங்கள் தங்கை,
பார்வதி